"இன்னுமா மாஸ்க்?" - எங்கே போட வேண்டும், எங்கே கழற்றலாம்?

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இன்று ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றால், தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இன்னாச்சு, ஒடம்பு சரியில்லையா?" அடுத்த கேள்வி: "கொரோனாதான் எப்பவோ போயிடுச்சே, இன்னுமா மாஸ்க்?"

கட்டாயம் இல்லை, அபராதமும் இல்லை. இருந்தாலும் சிலர் மாஸ்க் போடுவதை விடவில்லை. விசாரித்தால் வீட்டில் ஒரு காரணம் இருக்கும். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகும் அப்பா, கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அம்மா, சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே இருக்கும் எண்பது வயது ஆயா. வெளியே போய்வருபவர் திடகாத்திரமானவர்தான். ஆனால், அவர் கொண்டுவரும் கிருமி போய்ச் சேரும் இடம் அப்படி இல்லை.

இவர்கள் செய்வது தேவையற்ற பயமா, நியாயமான எச்சரிக்கையா? நாள் முழுக்க மாஸ்க் போட வேண்டுமா, சில இடங்களில் மட்டும் போதுமா?

கொரோனா போய்விட்டதா?

தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். ஓமனிலிருந்து திரும்பிய அந்தப் பொறியாளருக்குத் தொற்று உறுதியான நாள் 2020 மார்ச் 7. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்று அவர் குணமடைந்தார். அதற்குப் பிறகு வந்த அலைகளில், அரசுக் கணக்குப்படியே தமிழகத்தில் 38 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

2023 மே 5 அன்று கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் விலக்கிக்கொண்டது. அவசரநிலைதான் முடிந்தது, வைரஸ் போய்விட்டதாக அந்த நிறுவனம் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் ஜேஎன்.1 என்ற புதிய வகை பரவியது. அதன் வழிவந்த எல்எஃப்.7, என்பி.1.8.1 ஆகிய வகைகள் 2025 மே, ஜூன் மாதங்களில் இந்தியாவில் தலைகாட்டின. அந்த ஜூனில் நாட்டில் சிகிச்சையில் இருந்தவர்களின் எண்ணிக்கை 7 ஆயிரத்தைத் தாண்டியது. இது பரிசோதனை செய்துகொண்டவர்களின் கணக்கு மட்டுமே. இப்போது காய்ச்சல், சளி என்றால் யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இது நாலு நாள் காய்ச்சல், தொண்டை வலியோடு முடிந்துவிடுகிறது. தடுப்பூசியும், முன்பே வந்துபோன தொற்றும் தந்த எதிர்ப்பு சக்தி அதற்குக் காரணம். அந்த எதிர்ப்பு சக்தி நோய் முற்றாமல் தடுப்பதில் கெட்டிக்காரன். தொற்றே வராமல் தடுப்பதில் அவ்வளவு இல்லை. சில மாதங்களில் அது தளர்ந்துவிடும். அதனால்தான் ஒருமுறை வந்தவருக்கே மறுபடியும் வருகிறது. முதியோர், சிறுநீரக நோயாளிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோருக்கு இன்றும் இது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம்.

இன்னொன்று, 'நீண்டகால கோவிட்'. காய்ச்சல் போனபின்னும் களைப்பு, மூச்சு வாங்குதல், மறதி போன்றவை மாதக்கணக்கில் தொடர்வது. தொற்று வந்த 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு இது வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதச் சம்பளக்காரர் மருத்துவ விடுப்பு எடுத்துச் சமாளிக்கலாம். கல்குவாரியில் வேலை செய்பவருக்கோ நடவுக்குப் போகும் பெண்ணுக்கோ மூன்று மாதம் மூச்சு வாங்கினால், அது மூன்று மாதக் கூலி.

எப்படிப் பரவுகிறது?

2020இல் எல்லோருக்கும் மனப்பாடமான பாடம், கை கழுவு, ஆறடி தள்ளி நில். இருமும்போது தெறிக்கும் எச்சில் துளி ஆறடிக்குள் தரையில் விழுந்துவிடும் என்பது அப்போதைய கணக்கு. கதை அதோடு முடியவில்லை என்பது பிறகுதான் தெளிவானது. மூச்சு விடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. அவை உடனே கீழே விழுவதில்லை; காற்றோடு மிதக்கின்றன.

ஊதுபத்திப் புகையை நினைத்துக்கொண்டால் போதும். மூடிய அறையில் ஒரு ஊதுபத்தி கொளுத்தினால், அரை மணி நேரத்தில் அறை முழுக்க மணக்கும். மூலையில் ஆறடி தள்ளி உட்கார்ந்தாலும் மணம் வரும். அதே ஊதுபத்தியைத் திண்ணையிலோ தெருவிலோ கொளுத்தினால் பக்கத்தில் நிற்பவருக்கே லேசாகத்தான் தெரியும். தொற்று உள்ளவரின் மூச்சும் அப்படித்தான்.

இதற்கு ஒரு நிஜ உதாரணம் உண்டு. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் என்ற ஊர்ப்பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் உள்ளரங்கில் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. அடுத்த சில நாட்களில், அவரையும் சேர்த்து 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது தொற்றாக இருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. இருவர் இறந்தனர். மார்கழி விடியலில் கதவைச் சாத்திக்கொண்டு பஜனை பாடும் மடத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. அதே பஜனைக் குழு தெருவில் பாடிக்கொண்டே போனால் ஆபத்து பல மடங்கு குறைந்துவிடும்.

அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவரால் தொற்றைப் பரப்ப முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்பது உண்மையாகவே சொல்லப்பட்டாலும் உத்தரவாதம் ஆகாது.

மூன்று கேள்விகள்

மாஸ்க் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும். மூடிய இடமா? கூட்டமா? அதிக நேரம் இருக்கப் போகிறோமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் போடுவது நல்லது. மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் நல்ல மாஸ்க்காகப் போட வேண்டும்.

உத்திரமேரூரின் ஒரு சாதாரண நாளில் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

*வயல், நூறு நாள் வேலை, ஏரிக்கரை:* திறந்தவெளி. மாஸ்க் தேவையில்லை. வெயிலில் வியர்த்து நனைந்த மாஸ்க் மூச்சுத் திணறலைத்தான் தரும்.

*ரேஷன் கடை, சந்தை:* வரிசை வெளியே நிற்பதால் ஆபத்து குறைவு. நெருக்கியடித்தால் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

*டவுன் பஸ்:* ஜன்னல்கள் திறந்திருந்தால் காற்று ஓடும். மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, நிற்க இடமில்லாமல் போகும் பயணத்துக்கு மாஸ்க் வேண்டும்.

*கம்பெனி பஸ்:* இந்த வட்டாரத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வாரியாக ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டிகளில் ஏசி போட்டிருந்தால் கண்ணாடி திறக்காது. பல ஊர்களில் ஏறிய பலர், தினமும் அதே காற்றை நெடுநேரம் சுவாசிக்கிறார்கள். பாதிப்பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். மூன்று கேள்விக்கும் பதில் 'ஆமாம்'. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகத் தொற்று பல மாவட்டக் கிராமங்களுக்குப் பரவியதை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலைக்குப் போகும் இடமும் வீடும் தினமும் இணையும் பாதையில்தான் கிருமியும் பயணிக்கிறது.

*மருத்துவமனை:* ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் தொடங்கி மாத்திரை வாங்கும் இடம்வரை, இருமுபவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இடம். 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் மாஸ்க் கட்டாயம் என்று தமிழக அரசு அறிவித்ததற்கும் இதுதான் காரணம். யாரும் கேட்காவிட்டாலும் இங்கே போடுவதே சரி.

*கல்யாண மண்டபம்:* ஏசி ஹாலில் மாஸ்க்கோடு இருக்கலாம், பந்தியில் முடியாது. முதல் பந்தி அல்லது கடைசிப் பந்தியில், கதவோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பேசலாம்.

*சாவு வீடு:* சாமியானாவுக்குக் கீழே உட்காரும்வரை பெரிய சிக்கல் இல்லை. உடல் வைத்திருக்கும் சின்ன அறையில் கூட்டமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் அழும்போதுதான் ஆபத்து. உள்ளே போய் மாலை போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

*வங்கி, இ-சேவை மையம், டியூஷன்:* அறை சிறியது, கதவு மூடியது, காத்திருப்பு நீளமானது. மாஸ்க் போட வேண்டிய இடங்கள்.

எந்த மாஸ்க்?

2020இல் ரேஷன் கடைகள் வழியாக அரசு கொடுத்த துணி மாஸ்க் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கும். தெறிக்கும் எச்சிலைத் துணி தடுக்கும். மிதக்கும் நுண்துளிகள் அதன் இழைகளுக்கு நடுவே எளிதாக நுழைந்துவிடும். அன்றைக்கு வேறு கிடைக்கவில்லை. இன்றைக்கு அந்த நிலை இல்லை.

நீல நிற மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் துணியைவிட நன்றாக வடிகட்டும். அதன் குறை, கன்னத்தின் இரு பக்கமும் விடும் இடைவெளி. காதில் மாட்டும் கயிற்றை மாஸ்க்கோடு சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, ஓரத்தில் புடைக்கும் பகுதியை உள்ளே மடித்துவிட்டால் அந்த இடைவெளி குறையும்.

சிறந்தது என்-95 அல்லது அதற்கு இணையான எஃப்எஃப்பி-2. சோதனையில் மிக எளிதாக நழுவும் அளவுள்ள, அதாவது சுமார் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை என்-95 பிடிக்க வேண்டும். வெறும் சல்லடை மாதிரி அது வேலை செய்வதில்லை. அதன் நடு அடுக்கு நிலைமின்னேற்றம் கொண்டது. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கு ஒட்டுவதுபோல நுண்துகள்கள் அந்த இழையில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் அதைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது. துவைத்தால் பார்க்க மாஸ்க்காகவே இருக்கும். ஆனால், அந்த மின்னேற்றம் போய்விடும்.

வாங்கும்போது இந்தியத் தர எண் 'ஐஎஸ் 9473' இருக்கிறதா என்று பார்க்கலாம். முன்பக்கம் பிளாஸ்டிக் வால்வு வைத்தது வேண்டாம். போட்டிருப்பவர் விடும் மூச்சு அதன் வழியாக வடிகட்டாமல் வெளியே வரும் என்பதால், 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை பொதுமக்களுக்கு அதை வேண்டாம் என்றது.

கல்குவாரி, கிரஷர் வேலைக்குப் போகிறவர்கள் தூசுக்காகவும் இதே வகை மாஸ்க் போடலாம். துணி கட்டுவது நுண்ணிய கல்தூசுக்கும் போதாது. ஆனால், குவாரியில் போட்டதையே பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போடாமல் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் போடுவது, எத்தனை முறை போடுவது?

மாஸ்க்கின் விலையைவிட அது முகத்தில் படிந்திருப்பது முக்கியம். மூக்கின் மேலுள்ள கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் பொருத்த வேண்டும். மூச்சை ஊதிப் பார்த்தால் கண்ணில் காற்று படக் கூடாது. மூக்குக்கண்ணாடி பனிபோல மறைத்தால் மேலே கசிவு இருக்கிறது. அடர்ந்த தாடியும் கசிவுக்கு வழி. மூக்குக்குக் கீழே இறக்கிவிட்ட மாஸ்க், போடாததற்குச் சமம்.

என்-95 மாஸ்க்கை ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டியதில்லை. நாலைந்து மாஸ்க் வாங்கி, நாளுக்கு ஒன்றாகச் சுழற்சியில் போடலாம். கழற்றியதைக் காகிதக் கவரில் போட்டு, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் காயாது. கயிறு தளர்ந்தாலோ, அழுக்கானாலோ, மழையில் நனைந்தாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ மாற்றிவிட வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க் ஒரு நாளைக்கு ஒன்று. கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துக் கழற்றுவதும், பிறகு கை கழுவுவதும் நல்ல பழக்கம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், தானாகக் கழற்ற முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் மாஸ்க் போடக் கூடாது.

கிராமத்தில் இது பலன் தருமா?

"இதெல்லாம் பட்டணத்துக்கு, ஊர்நாட்டுல எவன் போடுவான்?" என்ற கேள்விக்கு வங்கதேசக் கிராமங்களிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் இடம்பெற்றவர்கள் சுமார் 3 லட்சத்து 42 ஆயிரம் பேர். பாதிக் கிராமங்களில் இலவச மாஸ்க் கொடுத்து, எப்படிப் போடுவது என்று காட்டி, ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் போடவைத்து, தெருவில் நினைவூட்டினார்கள். அந்தக் கிராமங்களில் மாஸ்க் போடுவோர் 42 சதவீதம் ஆனார்கள். மற்றவற்றில் 13 சதவீதம்தான். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு உறுதியான தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் அது 35 சதவீதம் குறைந்தது. துணி மாஸ்க்குக்கு அந்த அளவு தெளிவான பலன் தெரியவில்லை.

பாதிப்பேர்கூடப் போடாத இடத்திலேயே முதியவர்களுக்கு இவ்வளவு பலன். அதே நேரம், மாஸ்க் என்பது முழுக் கவசம் அல்ல என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. அது ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது.

மாஸ்க் மட்டும் போதுமா?

போதாது. முதலில் காற்று. எதிரெதிரே இரண்டு ஜன்னலோ கதவோ திறந்தால் அறைக் காற்று வேகமாக மாறும். சீலிங் ஃபேன் காற்றைச் சுழற்றுமே தவிரச் சுத்தம் செய்யாது. வீட்டு ஏசியும் பெரும்பாலும் அதே காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. ஸ்டாண்டு ஃபேன் ஒன்றை ஜன்னல் பக்கம் வெளியே பார்த்து வைத்தால், அறைக் காற்றைத் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனாக அது உதவும்.

அடுத்தது, காய்ச்சல் வந்தவரைத் தனியே வைப்பது. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது 'தனி அறை' என்பது சொல்லத்தான் எளிது. முடிந்தவரை அவர் திண்ணையிலோ காற்றோட்டமான இடத்திலோ படுக்கலாம். உள்ளே வரும்போது அவரும், அவரைப் பார்த்துக்கொள்பவரும் மாஸ்க் போடலாம். ஆயாவின் படுக்கையைக் கொஞ்ச நாளைக்கு வேறு பக்கம் மாற்றலாம்.

மூன்றாவது, பரிசோதனை. மெடிக்கலில் கிடைக்கும் ஆன்டிஜென் கிட் முதல் நாளிலேயே 'இல்லை' என்று காட்டினால் அதை முழுமையாக நம்ப வேண்டாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் இருந்தால், ஆர்டி-பிசிஆர் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

நான்காவது, அதிகம் பேசப்படாத ஒன்று: லீவு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ் ஏறுகிறார். அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. லீவு எடுக்க முடியாதவர், வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பும்வரை என்-95 போடுவது, தன்னோடு பயணிக்கும் நாற்பது பேருக்கும் செய்யும் உதவி.

"மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசேன்" என்றால்?

பலர் மாஸ்க்கைக் கைவிட்டதற்குக் கிருமியைப் பற்றிய தெளிவைவிடக் கூச்சமே காரணம். கல்யாண வீட்டில் போட்டால் "நாங்க என்ன நோயாளிங்களா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம். இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. "வீட்டுல ஆயாவுக்கு ஒடம்பு முடியல, அதான்" என்ற ஒரு வரி போதும். ஊரில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மாஸ்க் போடாதவரைத் திருத்தப் போவதும் வேண்டாம். சுற்றியிருப்பவர்கள் யாரும் போடாவிட்டாலும், முகத்தில் நன்றாகப் படிந்த என்-95 போட்டவரை ஓரளவு காக்கும்.

ஊரும் சேர்ந்தால்

ஒருவர் தன் மாஸ்க்கைத்தான் தீர்மானிக்க முடியும். மண்டபத்து ஜன்னலையும் வகுப்பறைக் கதவையும் பலர் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக எல்லோரும் அறிவார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கல்வெட்டுகள், ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு குழு இருந்ததையும் சொல்கின்றன. பத்துப்பேர் பகிரும் தண்ணீரை ஒருவரால் மட்டும் காக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூடிய அறையில் பகிரும் காற்றும் அப்படித்தான்.

இதற்கு வாரியம் எதுவும் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் வகுப்பறை ஜன்னல்களைப் பற்றிக் கேட்கலாம். கம்பெனி பஸ்ஸில் ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் திறந்துவிடச் சொல்லலாம். சுற்றுக் கிராமங்களின் கிராம சபையில், துணை சுகாதார நிலையத்தில் நோயாளிகள் உட்கார வெளியே ஒரு கூரை போட்டுத் தரச் சொல்லி மனு கொடுக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவர் அடுத்துப் போகும் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார்.

எப்போது மருத்துவமனைக்கு?

முதியவருக்கு மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், குழப்பமாகப் பேசினால், மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டால் காத்திருக்கக் கூடாது. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. மழைக்காலத்தில் டெங்குவும் ஃப்ளுவும் இதே காய்ச்சலாகத்தான் தொடங்கும். எது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை, வீட்டில் காய்ச்சல்காரர் ஒருவர் மாஸ்க்கோடு இருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.